இழைகள் தாங்கும் சிறகு

நுழையும்முன்

ஒரு பொருளைக் கண்ணால் கண்டு அறிவது ஒரு வழி. நூலில் படித்து அறிவது மற்றொரு வழி. அப்பொருளைச் சிறிய அளவில் கையால் செய்து அறிவது மூன்றாம் வழி. முதல் இரு வழிகளிலும் நழுவிப்போகும் நுட்பங்கள் மூன்றாம் வழியில் விரல்களுக்கு அகப்படும். ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு பறக்கவிட்ட ஈரடுக்குச் சிறகு வானூர்தியின் அளவுமாதிரியைச் செய்து, அதற்கு இழை பூட்டும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மாதிரியில் பிறந்த ஊர்தி

வானூர்தி முதலில் தோன்றியது, அதைப் பார்த்து மாதிரிகள் பின்னர் தோன்றின என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் மாதிரிகளே முந்தியவை. செருமனி நாட்டின் ஓட்டோ லிலியந்தால் தாமே செய்த சிறகுகளில் தொங்கியவாறு பலமுறை காற்றில் மிதந்து காட்டியவர். தம் உடலை இப்படியும் அப்படியும் நகர்த்தியே அவர் ஊர்தியின் சாய்வைக் கட்டுப்படுத்தினார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காற்றின் போக்குக்கு அவருடைய உடலசைவு ஈடுகொடுக்க இயலவில்லை. ஊர்தி வீழ்ந்தது; மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திவந்த வில்பர் ரைட், ஓர்வில் ரைட் ஆகிய இருவரையும் இந்நிகழ்வு சிந்திக்கவைத்தது. மேலெழுவதைவிட, எழுந்தபின் சாயாமல் நிற்பதே பெருஞ்சிக்கல் என்பதை அவர்கள் உணர்ந்தனர். 1899ஆம் ஆண்டு ஒருநாள், மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாய் வைக்கப்பட்டிருந்த நீண்ட அட்டைப்பெட்டியை வில்பர் கையில் வைத்து முறுக்கினார். பெட்டியின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் சேர்ந்தே முறுகுவதைக் கண்டார். ஈரடுக்குச் சிறகையும் இவ்வாறு முறுக்கினால் ஊர்தியின் சாய்வைக் கட்டுப்படுத்தலாம் என்னும் எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஈரடுக்குப் பட்டம் ஒன்றைச் செய்து, அவ்வெண்ணத்தைச் சோதித்தனர். 1901ஆம் ஆண்டு தாமே அமைத்த காற்றுச் சுரங்கத்தில் ஏறத்தாழ 200 சிறு சிறகு வடிவங்களை ஆய்ந்தனர். அட்டைப்பெட்டி, பட்டம், சிறு சிறகு என மாதிரிகளின் வழியே நடந்துதான் அவர்கள் வானூர்தியை அடைந்தனர்.

அளவைக் குறுக்குதல்

மூல ஊர்தியின் சிறகு ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 12.3 மீட்டர், ஊர்தியின் நீளம் 6.4 மீட்டர், உயரம் 2.8 மீட்டர். 1:20 என்னும் விகிதத்தில் இவை முறையே 61.5, 32, 14 சென்டிமீட்டராகும். படிக்கும் மேசையில் வைத்துப் பணிசெய்ய இவ்வளவு ஏற்றது.

நீளம் இருபதில் ஒன்றாகும்போது பரப்பு நானூற்றில் ஒன்றாகும். பருமன் எட்டாயிரத்தில் ஒன்றாகும். ஆள் இல்லாத நிலையில் மூல ஊர்தியின் எடை ஏறத்தாழ 274 கிலோகிராம். ஒவ்வோர் உறுப்பையும் அதே பொருளால் அதே விகிதத்தில் செய்யமுடியுமாயின் மாதிரியின் எடை வெறும் 34 கிராம்தான் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி, மாதிரியில் 0.1 மில்லிமீட்டராகத் தலைமுடியின் அளவுக்கு மெலிந்துவிடும். எனவே மரத்துக்குப் பால்சா கட்டையையும் மூங்கில் சிம்பையும், துணிக்கு மெல்லிய தாளையும், கம்பிக்கு மிக மெல்லிய நைலான் இழையையும் பயன்படுத்துகிறோம்.

வரைபடத்தை அளக்கும்போது ஒரு புதுமை புலப்படும். வலச்சிறகு இடச்சிறகைவிடச் சற்று நீளமாக இருக்கும். மூல ஊர்தியில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். நம் மாதிரியில் 5 மில்லிமீட்டர். இதனை வரைந்தவரின் பிழையென்று கருதி இருபுறத்தையும் சமமாக வெட்டிவிடுதல் கூடாது. விமானி கீழ்ச்சிறகின் மீது நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் குப்புறப் படுத்திருப்பார். எந்திரம் வலப்பக்கம் இருக்கும். எந்திரம் விமானியைவிடக் கனமானது. அந்த மிகைச் சுமையைத் தாங்கவே வலச்சிறகு நீட்டப்பட்டது.

இழை எதற்கு?

நான்கு குச்சிகளை எடுத்து, மூலைகளில் குண்டூசியால் இணைத்து, ஒரு செவ்வகம் செய்க. அதன் மேல்மூலையை விரலால் தள்ளினால் செவ்வகம் சரிந்துவிடும். இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூலொன்றை இழுத்துக் கட்டுக. ஒரு பக்கம் தள்ளினால் சரியாது. மறுபக்கம் தள்ளினால் நூல் தொய்ந்து, சட்டம் மீண்டும் சரியும். நூலுக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. ஆதலால் மற்ற இரு மூலைகளையும் இணைத்து இரண்டாம் நூலைக் குறுக்காகக் கட்டவேண்டும். அதன்பின் சட்டம் எப்பக்கமும் அசையாது.

பாலங்கள் கட்டும் பொறியாளர்கள் இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தனர். அவர்களுள் ஒருவரான ஆக்டேவ் சானூட், 1896ஆம் ஆண்டு தம் ஈரடுக்கு மிதவை ஊர்தியில் பாலத்தின் கட்டமைப்பைச் சிறகுகளுக்குப் பொருத்தினார். தனித்தனியே வளைந்து முறியக்கூடிய இரண்டு மெல்லிய சிறகுகள், இடையே நிற்கும் தாங்குகால்களாலும் குறுக்கிழைகளாலும் இணைந்து வலிய உத்தரமாயின. ரைட் சகோதரர்கள் அம்முறையைப் பின்பற்றினர். எனவே, ஈரடுக்குச் சிறகின் இழை அணிகலன் அன்று. அதுவே எலும்பும் நரம்புமாகும்.

இழை பூட்டும் முறை

முதலில் சிறகுகளின் நெடுஞ்சட்டங்களையும் விலாக்களையும் ஒட்டித் தாள் போர்த்துக. மேற்சிறகைப் பொருத்திய பின்னர் உட்புறத்துக்குத் தூரிகை எளிதில் எட்டாது. ஆதலால் வண்ணம் தீட்டும் பணியை முன்னரே முடித்துவிடுக. இழை செல்லவேண்டிய துளைகளையும் அப்போதே நுண்ணிய ஊசியால் இட்டுக்கொள்க. பிறகு தாங்குகால்களை நிறுத்தி, பசை நன்கு உலரும்வரை காத்திருக்க.

இழைகளை நடுக்கட்டத்திலிருந்து தொடங்கி, நுனியை நோக்கிக் கட்டிச் செல்லவேண்டும். ஓர் இழையைக் கட்டியதும் அதற்கு எதிரான குறுக்கிழையையும், பின்னர் மறுபுறச் சிறகில் அதே இடத்து இணையையும் கட்டுக. ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றால், இறுகிய பக்கம் சிறகை இழுத்துக் கோணலாக்கும். ஒவ்வோர் இணைக்குப் பிறகும் இரு சிறகு நுனிகளையும் மேசையிலிருந்து அளந்து பார்க்க. இவ்வூர்தியின் சிறகு நுனிகள் நடுப்பகுதியைவிட ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தாழ்ந்தவை; மாதிரியில் இது 12 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. இந்தத் தாழ்வு இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். எல்லாம் முடிந்தபின் சிறிதளவு தொய்ந்திருக்கும் நைலான் இழைக்கு அருகில், தொடாமல், புகையும் ஊதுபத்தியைக் கொண்டுசென்றால் வெம்மையால் இழை சுருங்கி இறுகும்.

இழை இல்லாத இடம்

மாதிரி செய்பவர்கள் பலரும் தவறும் இடம் இதுவே. எல்லாக் கட்டங்களிலும் குறுக்கிழை இருந்தால் அழகாக இருக்குமே என்று கருதி, இல்லாத இடத்திலும் இழை கட்டிவிடுவர். 1903ஆம் ஆண்டு ஊர்தியில் முன்வரிசைத் தாங்குகால்களுக்கிடையே குறுக்கிழைகள் உண்டு. பின்வரிசையின் ஓரக் கட்டங்களிலோ நிலையான குறுக்கிழைகள் இல்லை. அங்கே செல்பவை சிறகை முறுக்கும் இழைகள். அவை விமானியின் இடுப்பு பொருந்தியிருக்கும் தொட்டில் போன்ற அமைப்போடு இணைந்தவை.

விமானி இடப்பக்கம் இடுப்பை நகர்த்தினால், வலச்சிறகின் பின்விளிம்பு கீழிறங்கும். இடச்சிறகின் பின்விளிம்பு மேலெழும். வலச்சிறகுக்குத் தூக்குவிசை மிகுவதால் ஊர்தி இடப்பக்கம் சாயும். லிலியந்தால் தம் முழு உடலாலும் செய்ய முயன்றதை, ரைட் சகோதரர்களின் ஊர்தியில் இடுப்பின் சிறு அசைவே செய்தது. ஓரக் கட்டங்களைப் பிற கட்டங்களைப் போலக் கட்டிவிட்டால் ஊர்தி உறுதி பெறும்; ஆனால் சிறகு முறுகாது. சாய்ந்த ஊர்தியை நிமிர்த்தவும் வழியிராது. எங்கே இறுக்கவேண்டும் என்பதைப் போலவே, எங்கே இறுக்கக்கூடாது என்பதும் அவர்களின் கண்டுபிடிப்பில் அடங்கும்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் ஊருக்கருகே உள்ள மணல்வெளியில் அவ்வூர்தி நான்கு முறை பறந்தது. ஓர்வில் பறந்த முதல் முறை 12 நொடி, 36 மீட்டர்; வில்பர் பறந்த நான்காம் முறை 59 நொடி, 260 மீட்டர். அதன்பின், தரையில் நின்றிருந்த ஊர்தியை வலிய காற்று புரட்டிச் சிதைத்தது. அது மீண்டும் பறக்கவில்லை. இன்று வாசிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் அதனைக் காணலாம். தொட்டுப் பார்க்க இயலாது. நம் மேசைமேல் இருக்கும் மாதிரியின் முறுக்கிழையையோ மெல்ல இழுத்துப் பார்க்கலாம். ஒரு நுனி தாழ, மறுநுனி எழும்.

தெரிந்து தெளிவோம்

ரைட் சகோதரர்களின் கடையில் பணிபுரிந்த சார்லி டெய்லர், அவ்வூர்திக்கான நான்கு உருளை எந்திரத்தை ஏறத்தாழ ஆறு வாரங்களில் உருவாக்கினார். அதன் திறன் ஏறத்தாழ 12 குதிரைத்திறன். மிதிவண்டியில் உள்ளதைப் போன்ற சங்கிலிகளே எந்திரத்தின் ஆற்றலை இரு சுழல்விசிறிகளுக்கும் கொண்டுசென்றன.

கற்பவை கற்றபின்…

1. இருமுனையும் திறந்த நீண்ட அட்டைப்பெட்டியை முறுக்கி, அதன் விளிம்புகள் அசையும் முறையை வகுப்பில் விளக்குக.
2. நான்கு குச்சிகளாலும் இரு நூல்களாலும் சட்டம் செய்து, ஒரு நூலை அவிழ்க்கும்போது நிகழ்வதைப் பத்து வரிகளில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: வலச்சிறகு இடச்சிறகைவிட நீளமாக அமைக்கப்பட்டதன் காரணம் யாது?

சிறுவினா: ஒரு கட்டத்துக்கு இரண்டு குறுக்கிழைகள் தேவைப்படுவது ஏன்?

நெடுவினா: 'இறுக்கக்கூடாத இடத்தை அறிவதும் தொழில்நுட்பமே' என்பதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.