கூட்டாக இயந்திரம் வாங்கினால் கணக்கும் கூட்டே

சந்தவாசல் பக்கம் மூன்று விவசாயிகள் சேர்ந்து நெல் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு வாய்ப்பேச்சாக இருந்தாலும், 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டு வியாபாரம்தான். (பொதுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது அப்படியல்ல, அது கூட்டுச் சொத்து மட்டுமே.)

கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாக நடக்க வேண்டும், உண்மையான கணக்குக் காட்ட வேண்டும், தொழில் விவரம் எதையும் மறைக்கலாகாது என்கிறது இச்சட்டத்தின் 9-வது பிரிவு. அறுவடை நாளில் பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு எட்டு மணி என்று எழுதினால், மீதி இரண்டு மணி வாடகையும் கூட்டுக்கே சேர வேண்டும். டீசல் வாங்கிய இடத்தில் தனக்கென்று பெற்ற கமிஷனும் அப்படியே. கணக்கு நோட்டைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. அண்ணன் தம்பியானாலும் கேட்பதில் தவறில்லை.

வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாப நஷ்டம் சமபங்கு. அதிக முதல் போட்டவருக்கும் அப்படித்தான். இயந்திரத்தை ஓட்டியவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆகவே இவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரின் நிலமும் பதில் சொல்ல நேரிடும்.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்தப்படி பங்கு தரவில்லை என்று கூட்டாளி மீது வழக்குப் போட 69-வது பிரிவு இடம் தராது. கூட்டைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கத்தான் கோர்ட்டுக்குப் போகலாம். கூட்டு நிறுவனங்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள்.