முத்திரை மையைப் பார், தம்பி

ராசா, சிரம்பான்

அன்புள்ள தம்பி,

தபால்தலை ஏலத்தில் இறங்கப் போவதாக எழுதியிருந்தாய். பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை உன்னைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. நம் சனங்களையும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோன நாடு அது. 1856இல் அச்சான அந்தத் தலையில் நமக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. 1873இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டிலிருந்த பழைய கடிதங்களில் அதைக் கண்டெடுத்து, ஆறு ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டான். நான்கு மூலையும் வெட்டுப்பட்ட தலை. 2014இல் நியூயார்க் ஏலத்தில் சுத்தியல் விழுந்தது 79 லட்சம் டாலரில். ஏலக்காரர் கட்டணமும் சேர்ந்து வாங்கியவர் கட்டியது 94 லட்சத்து 80 ஆயிரம். கை தூக்குமுன் அந்தக் கட்டணத்தையும் கூட்டிப் பார். 2021இல் அதே தலை கட்டணம் சேர்த்தே 83 லட்சத்து 7 ஆயிரத்துக்குத்தான் போனது.

கயானா இருக்கட்டும். நம் ராசா வட்டாரத்துக்கு அந்தக் காலத்தில் சுங்கை ஊஜோங் என்று பேர். 1878 முதல் இதற்கென்று தலை இருந்தது: நீரிணைக் குடியேற்றத் தலையின் மேல் முதலில் ஓர் அடையாளத்தையும், பின்னர் இந்தப் பெயரையும் அச்சடித்தார்கள். அச்செழுத்தைக் கையால் கோத்ததால் வகை வகையாய்ப் பிழைகள். ஒன்றில் 'என்' எழுத்து முன்னால் தாவி, ஊஜோங் 'உன்ஜோக்' ஆகிவிட்டது. அந்தப் பிழைக்கு இன்று நல்ல விலை.

அடியிலுள்ள நீரிணைத் தலை மலிவு, அதன்மேல் ஊர்ப்பெயர் அச்சு விழுந்தால் விலை. அதனால் போலிகள் ஏராளம். நானும் ஏமாந்திருக்கிறேன், தம்பி. ஓர் ஏலத்தில் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கி வந்தேன். இரவு விளக்கடியில் லென்ஸ் வைத்தேன். ஊர்ப்பெயரின் மை, தபால் முத்திரையின் கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. தலையில் பெயரை அச்சடித்த பிறகுதானே அது கடிதத்தில் ஏறி முத்திரை வாங்கும்? முத்திரை மேலே, பெயர் கீழே இருக்க வேண்டும். முத்திரை குத்திய பழைய தலையில் யாரோ பின்னால் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

ஆகவே விலை உயர்ந்ததை எடுக்குமுன் நிபுணர் சான்றிதழ் கேள். இல்லையென்றால், சான்றிதழ் பெற அவகாசம் தருவார்களா என்று ஏலத்துக்கு முன்பே எழுதிக் கேள். லண்டன் ராயல் தபால்தலைச் சங்கத்துக்கு இதற்கென்றே நிபுணர் குழு உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படாதே.

இன்னொன்று. உன் பாட்டியின் தகரப் பெட்டியில் தோட்டத்துக்கு வந்த ஊர்க் கடிதங்கள் இருப்பதாகச் சொன்னாயே, அதில் ஒரு தலையையும் வெட்டாதே, தண்ணீரில் ஊறப்போடாதே. கிளம்பிய ஊர், நாள், வந்து சேர்ந்த ஆபீஸ், தோட்டத்துப் பெயர் எல்லாம் உறையில் இருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் லயத்தில் தலையைக் கிழித்துக்கொண்டு உறையை அடுப்பில் போட்டோம். இன்றுவரை மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு அந்தப் பெட்டியோடு வா. கத்தரிக்கோல் வேண்டாம், லென்ஸ் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்