எச்சரிக்கை மணி பொய் சொல்லுமா?

வீட்டுக் கணிப்பொறியில் பாடக் கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கட்டம் தோன்றி, "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று அறிவிக்கிறது. சிலர் பதறிப்போய் அந்தக் கோப்பை அழித்துவிடுவார்கள். சிலர் "இது எப்போதும் இப்படித்தான்" என்று கட்டத்தை மூடிவிடுவார்கள். இரண்டுமே சரியல்ல. அந்த அறிவிப்பை ஓர் அளவீடாகக் கொள்ளுங்கள். எந்த அளவீட்டிலும் பிழைக்கு இடம் உண்டென்பதைச் செய்முறைக் கூடத்தில் கற்றிருக்கிறீர்கள் அல்லவா?

வைரஸ் தடுப்பு நிரல் இரண்டு வழிகளில் தேடுகிறது. முதலாவது, ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் 'கைரேகை'யைக் கோப்புகளோடு ஒப்பிடுவது. இரண்டாவது, நடத்தையைக் கண்டு ஐயுறுவது. பிற கோப்புகளை மாற்றுவதும், கணிப்பொறி தொடங்கும்போதே தானாக இயங்குவதும் வைரஸின் குணங்கள். ஆனால் நல்ல நிரல்கள் சிலவும் இவற்றைச் செய்கின்றன. பைத்தான் மொழியில் நீங்களே எழுதித் தனித்தியங்கும் நிரலாக மாற்றிய ஒன்றுகூடச் சில வேளைகளில் ஐயத்துக்கு ஆளாகும். எல்லா வைரஸ்களையும் பிழையே இன்றிப் பிரித்தறியும் நிரலை எழுத இயலாது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கோஹன் 1980களிலேயே நிறுவினார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கணிப்பொறியில் 1,00,000 கோப்புகள் உள்ளன. அவற்றுள் 2 மட்டுமே வைரஸ் என்று கொள்வோம். தடுப்பு நிரல் அந்த இரண்டையும் பிடித்துவிடுகிறது. ஆனால் நல்ல கோப்புகளில் 10,000க்கு 1 வீதம் தவறாகக் குற்றம் சாட்டுகிறது. அப்படியானால் பொய் எச்சரிக்கைகள் சுமார் 10. மெய் எச்சரிக்கைகள் 2. மொத்தம் 12 எச்சரிக்கைகளில் 10 பொய்! இவை கணக்கிற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களே. ஆயினும் தேடும் பொருள் அரிதாக இருந்தால், சிறு பிழையும் பெரிதாகத் தெரியும் என்பது உண்மை.

பொய் எச்சரிக்கையால் கேடும் விளையும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட புதிய 'கைரேகை'த் தொகுப்பு, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் என்று கருதிவிட்டது. உலகெங்கும் ஏராளமான கணிப்பொறிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. மனிதர் கிளப்பிய பொய்யும் உண்டு. 2001இல், விண்டோஸுக்கு உரிய ஒரு கோப்பை வைரஸ் என்று கூறி மின்னஞ்சல் பரவியது. அதை நம்பியவர்கள் தம் கையாலேயே நல்ல கோப்பை அழித்தார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. பேசுவது யார் என்று பாருங்கள். இணையப் பக்கம் ஒன்று சங்கொலி எழுப்பி, "உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்றால் அது ஏமாற்று வேலை. அழைக்க வேண்டாம். ஆல்ட், எஃப்-4 விசைகளைச் சேர்த்து அழுத்திப் பக்கத்தை மூடுங்கள். பிறகு தடுப்பு நிரலை நீங்களே திறந்து, அதன் பதிவேட்டில் எச்சரிக்கை உள்ளதா என்று பாருங்கள். பணம் பறிபோயிருந்தால் பெற்றோரிடம் சொல்லி, 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

2. எச்சரிக்கை மெய்யான தடுப்பு நிரலுடையது என்றால், கோப்பை அழிக்காமல் 'குவாரன்டைன்' செய்யுங்கள். அங்கே அது இயங்காது. நல்லதென்று தெரிந்தால் மீட்டுக்கொள்ளலாம்.

3. கோப்பின் பெயர், இருந்த இடம், வந்த வழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பு நிரலைப் புதுப்பித்து மீண்டும் சோதியுங்கள்.

4. இரண்டாவது கருத்துக் கேளுங்கள். 'வைரஸ்டோட்டல்' என்ற இணையதளம் ஒரே கோப்பைப் பல நிறுவனங்களின் தடுப்பு நிரல்களால் சோதிக்கிறது. பல நிரல்கள் ஒருமித்துச் சொன்னால் பெரும்பாலும் மெய். ஒன்றிரண்டு மட்டும் சொன்னால் பொய்யாகவும் இருக்கலாம், மிகப் புதிய வைரஸாகவும் இருக்கலாம். அப்போது கோப்பு வந்த வழியைக் கொண்டு முடிவு செய்யுங்கள். அங்கே அனுப்பும் கோப்பு பிறர் கைக்கும் போகக்கூடும் என்பதால், சொந்த ஆவணங்களை அனுப்ப வேண்டாம்.

தபால்காரரைப் பார்த்தும் நாய் குரைக்கிறது. அதற்காக நாயை விரட்டிவிடுகிறோமா? வாசலுக்கு வந்து யாரென்று பார்க்கிறோம். ஒரு பொய் எச்சரிக்கைக்காகத் தடுப்பு நிரலையே நிறுத்திவிடக் கூடாது. அதிலும், "தடுப்பு நிரலை நிறுத்திவிட்டு இதை ஏற்றுக" என்று சொல்லும் திருட்டு விளையாட்டு நிரல்களை ஒருபோதும் நம்பாதீர்கள்.

பயிற்சி: திருட்டு நிரல்கள் நிறைந்த ஒரு பென்டிரைவில் 1,000 கோப்புகள், அவற்றுள் 100 வைரஸ்கள். மேலே கண்ட அதே தடுப்பு நிரல் சோதிக்கிறது. எத்தனை பொய் எச்சரிக்கைகளை எதிர்பார்க்கலாம்? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே நிரலின் சொல்லை ஓரிடத்தில் ஐயுறவும் மற்றோரிடத்தில் நம்பவும் ஏன் வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும்.