கடல் எந்தப் பக்கம்?

எங்க ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில இருக்கு. கடலைப் பார்க்கணும்னா பாண்டிச்சேரிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம் பஸ்ல போகணும். அந்த ஊர்க்காரன் கடல் உயிர்களைப் பற்றி எழுதக் காரணம் தெருவிளக்கு. எங்க பாதையில் நிற்கிற அதே மாதிரி கம்பம்தான் கடற்கரையிலும் நிற்குது. அங்கே அது செய்யுற வேலையே வேற.

சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள், பெரும்பாலும் இருட்டில்தான், மண்ணைத் தள்ளிக்கிட்டு மேலே வரும். கடல் எந்தப் பக்கம்னு சொல்லித் தர அம்மா பக்கத்தில் இல்லை. அதுங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: தாழ்வா, வெளிச்சமா இருக்கிற அடிவானத்தைப் பார்த்து நட. கரண்ட் வராத காலத்தில் அது கடல்தான். இப்போ ரோடு! குஞ்சு ரோட்டைப் பார்த்து நடக்குது. வழியில நாய், காக்கா, டயர். எல்லாத்துக்கும் தப்பிச்சாலும் விடிஞ்சதும் வெயில்ல காய்ஞ்சு போயிடும்.

இதனால்தான் 1988-லிருந்து ஸ்டூடண்ட்ஸ் சீ டர்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் ஆட்கள் சீசன் முழுக்க ராத்திரி மணலில் நடந்து, முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைக்கிறாங்க. பொரிஞ்ச குஞ்சுகளைக் கடலோரத்தில் கொண்டுபோய் விடுறாங்க. ஆரம்பிச்சது நம்மள மாதிரி மாணவர்கள்தான்.

பறவைக்கும் இதே கதைதான். ஹவாயின் கவாய் தீவில் ஷியர்வாட்டர் என்ற கடல் பறவையின் குஞ்சு, மலையிலுள்ள வளையை விட்டு முதல் தடவை ராத்திரியில்தான் கடலுக்குப் பறக்கும். ஊர் வெளிச்சத்தில் மாட்டினால் சுத்திச் சுத்தி, களைச்சுத் தரையில் விழுந்துடும். கால் ரொம்பப் பின்னாடி இருக்கிறதால் சமதரையிலிருந்து எழும்புவது கஷ்டம்.

எனக்குப் பிடிச்சது அங்கே நடந்த ஒரு சோதனை. ஒரு பெரிய விடுதியின் விளக்குகளுக்கு ஒரு ராத்திரி மேல்மூடி போட்டாங்க, அடுத்த ராத்திரி போடலை. இப்படியே இரண்டு சீசன். மூடி போட்ட ராத்திரிகளில் விளக்குக்கு ஈர்க்கப்பட்ட பறவைகள் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. 1985-ல் முடிவு வெளியானது. வெறும் தகரம்தான் சார்!

ஆமைக்கு மூடியோடு நிறமும் முக்கியம். வெள்ளை எல்.இ.டி.யில் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு நீல உச்சம் இருக்கும். குஞ்சுகளை அதிகமா இழுப்பது அந்தப் பக்கத்து ஒளிதான். 590 பக்கம் இருக்கிற ஆம்பர் விளக்கு அவ்வளவா இழுக்காது.

லைட்டிங் டிசைன் போடும்போது நாம லக்ஸும் வாட்டும் மட்டும்தான் பார்க்கிறோம். டேட்டாஷீட்டில் 'பி.யு.ஜி.' என்று ஒரு ரேட்டிங் இருந்தால் அதில் 'யு' எத்தனைன்னு பாருங்க. மேல்நோக்கிப் போகும் வெளிச்சத்தின் அளவு அது. யு0 என்றால் வானத்துக்கு நேரா ஒண்ணும் போகாது.