எருக்கை வெட்டலாமா?

மாணவர்களே! பள்ளித் தோட்டத்தில் ரோஜாவும் குரோட்டன்ஸும் வளர்க்கிறோம். ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் பெருகுகின்றனவா?

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் எருக்கு தானாகவே வளர்கிறது. வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் முட்டையிடும். அதற்கு வேண்டிய தேன் பல பூக்களில் கிடைக்கும். அதன் புழுவுக்கு உணவோ எருக்கும் அதன் இனச் செடிகளும்தான். ரோஜா இலையைக் கொடுத்தால் புழு பட்டினியால் இறந்துவிடும். எருக்கம்பாலிலுள்ள நஞ்சு புழுவைக் கொல்வதில்லை; அதன் உடலில் சேர்ந்து, பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது.

ஆகவே, களையென்று எருக்கை வெட்டினால் இப்பூச்சியின் அடுத்த தலைமுறை குறையும். தோட்டத்து மூலையில் ஒரு செடியை விட்டுவையுங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளுள்ள புழு தென்படுகிறதா என்று பார்த்துத் தேதியுடன் குறித்து வாருங்கள். எருக்கம்பால் கண்ணுக்குக் கெடுதல், இலையைக் கிள்ளாதீர்கள்!