குடியை விட ஒரு துணை



"நாளைக்கு விட்டுர்றேன்" என்று சொல்லியே எத்தனை சம்பளம் தவறணைக்குப் போயிற்று? தனியாக விட முடியாதவருக்குக் கூட்டம் துணை.

1935இல் அமெரிக்காவில் குடியால் கெட்ட இருவர் மனம்விட்டுப் பேசித் தொடங்கியதே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. குடியை விடணும் என்ற எண்ணம் போதும்.

தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே முதலில் நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்தில் கூட்டம் எங்கே, தமிழில் பேசுவார்களா என்றும் விசாரியுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

லயத்து ஆட்கள் பார்த்தால் வெட்கமா? ரோட்டில் விழுந்து கிடந்தபோது பார்க்காதவர்களா அவர்கள்?

சகோதரிகளே, முதல் நாள் வாசல்வரை நீங்களும் கூடப் போங்க.