அறுவை நோயாளரும் அனுமதிக் குறிப்பும்

நினைவாற்றல் மனிதனுக்கு ஆண்டவன் அளித்த பெருங்கொடை. ஆயினும் அது தளரும் இயல்பினது. துயிலின்மை அதனை மயக்கும். பரபரப்பு அதனைக் கலைக்கும். ஆதலின், ஓர் உயிரைப் பற்றிய செய்தியை நினைவின் பொறுப்பில் மட்டும் விட்டுவைத்தல் தகாது. இவ்வுண்மை அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியிற் சேரும் நோயாளர் திறத்தில் எங்ஙனம் பொருந்துகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளன் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று அறிவுறுத்துகின்றார். அங்கே மருத்துவன் ஒருவன். இன்றைய ஆஸ்பத்திரியிலோ ஒரு நோயாளரைப் பேணுவோர் பலர். நள்ளிரவில் வயிற்றுவலியோடு வருபவரை இளமருத்துவர் ஒருவர் விசாரித்துச் சேர்த்துக்கொள்கின்றார். விடிந்ததும் வேறொருவர் பணியேற்கின்றார். மயக்கமருந்து கொடுப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர், இரவும் பகலும் பேணும் செவிலியர் பலர். இவர்களை எல்லாம் இணைக்கும் கயிறு முதலில் எழுதப்பட்ட அனுமதிக் குறிப்பேயாம். நோயாளர் இரத்தம் உறையாதிருத்தற்கு வார்பரின் என்னும் மருந்தை உட்கொள்பவர் என்பது அதில் விடுபட்டுப்போயின், கத்தி பட்ட இடத்திற் குருதியை நிறுத்துதல் அரிதாகும். பெனிசிலின் அவருக்கு ஒவ்வாது என்பது விடுபட்டுப்போயின், காக்க வந்த மருந்தே கொல்லவுங் கூடும்.

வெற்றுத்தாளில் மனம்போனவாறு எழுதும் குறிப்பிற்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒவ்வாமையைப் பற்றி அதில் ஒன்றும் காணப்படாவிடின், கேட்டும் இல்லை என்று அறிந்தனரோ, கேட்கவே மறந்தனரோ என்பது விளங்குவதில்லை. சிதைந்த ஏட்டுச்சுவடியைப் பயிலும் தமிழ் மாணவர் இவ்விடர்ப்பாட்டை நன்கு அறிவர். அடியொன்று காணப்படாதவழி, புலவர் பாடாது விட்டனரோ, ஏடெழுதினோர் விட்டனரோ, செல்லரித்ததோ என்று நாம் ஐயுறுகின்றோம். ஏட்டில் நேர்ந்த ஐயத்தைப் பல்லாண்டு இருந்து ஆராயலாம். அறுவை மேசைமீது கிடப்பவருக்கோ அத்துணைக் காலம் இல்லை.

இக்குறையை நீக்குவதே ஒரே சீரான அச்சுப்படிவம். அதிற் 'சேராத மருந்துகள்' என்று ஓர் இடம் அச்சிடப்பட்டிருப்பின், அது நிரப்பப்படாதிருக்கும் வரையில் வினாவாகவே நிற்கும். 'இல்லை' என்று எழுதுதற்கும் நோயாளரைக் கேட்டாக வேண்டும். வெற்றிடத்தை வினாவாக்குவதே படிவத்தின் தலையாய பயன் என்க.

இம்முறை ஒருநாளில் தோன்றியதன்று. கிரீமியப் போரில் காயமுற்றோரைப் பேணிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், ஆஸ்பத்திரிகளின் கணக்குகள் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவாறு கிடத்தலைக் கண்டு வருந்தினார். சேர்ந்தோர், குணமடைந்தோர், இறந்தோர் முதலிய தலைப்புக்கள் அமைந்த பொதுப்படிவங்களை வகுத்தார். 1860-ஆம் ஆண்டு லண்டனிற் கூடிய அனைத்துநாட்டுப் புள்ளிவிவர மகாநாடு அவர் கருத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அம்முறை நெடுங்காலம் நிலைபெறவில்லை. நோய்ப்பெயர்களின் அட்டவணை மிக விரிந்திருந்தமை அதற்கு ஒரு காரணம். சுமையாய்விட்ட படிவம் வாழாது என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

அமெரிக்க நாட்டில் மேயோ மருத்துவ நிலையத்தில் ஒவ்வொரு மருத்துவரும் தத்தம் பேரேட்டில் எழுதிவந்தமையால், ஒரே நோயாளரின் வரலாறு பல ஏடுகளிற் சிதறிக் கிடந்தது. 1907-இல் ஹென்றி பிளம்மர் என்பார், ஒருவருக்கு ஓர் எண், ஓர் உறை என வகுத்து அனைத்தையும் ஒருங்கு சேர்த்தார். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் பின்னும் ஒருபடி மேற்சென்றார். 1911 முதல் 1916 வரை தம் சிறு ஆஸ்பத்திரியிலிருந்து சென்ற 337 நோயாளருடைய முடிவுகளைக் குறித்து, நேர்ந்த பிழைகள் 123 என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். தம் பிழையைத் தாமே எழுதிய அப்பெரியாரின் நேர்மை போற்றத்தக்கது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, முழுமையான நோயாளர் குறிப்பை ஆஸ்பத்திரிகளுக்குரிய குறைந்த அளவு விதிகளுள் ஒன்றாக்கிற்று. 692 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து அது 1919-இல் அறிவித்தபொழுது, அவ்விதிகளை நிறைவேற்றியவை 89 மாத்திரமே.

நம் காலத்துச் சான்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கென 19 உறுப்புக்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதனைச் சோதித்தபொழுது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகவும், நூற்றுக்கு 11 ஆக இருந்த பெருஞ்சிக்கல்கள் 7 ஆகவும் குறைந்தன. அது அனுமதிப் படிவமன்று. எனினும், அறிந்தவற்றையே முறைப்படி கேட்டல் உயிர் காக்கும் என்பதற்குக் கரியாம்.

இனி, நல்ல அனுமதிப் படிவத்தில் இடம்பெற வேண்டியவை யாவை? நோயாளர் பெயர், வயது, எண், சேர்ந்த நாளும் நேரமும், வருத்தும் நோயும் அதன் வரலாறும், முன்னுற்ற நோய்கள், முன் நடந்த அறுவைகள், உட்கொள்ளும் மருந்துகள், சேராத மருந்துகள், கடைசியாக உண்டதும் பருகியதுமான நேரம், நாடி, இரத்த அழுத்தம், உடல் எடை, நோயுற்ற பக்கம் வலமோ இடமோ என்பது, சோதனைகளின் முடிவு, மேற்செய்யக் கருதியது, ஈற்றில் எழுதியவர் பெயரும் கையொப்பமும். உண்ட நேரம் எற்றுக்கெனின், நிறைந்த வயிற்றோடு மயக்கமுற்றவர் வாந்தியெடுப்பின் அது நுரையீரலுட் புகுந்து உயிருக்கு ஊறு செய்யும்.

படிவத்தை அச்சிட்டதோடு பணி முடிந்ததாகாது. பழைய குறிப்புக்களிற் சிலவற்றை எடுத்து, எவ்வெவை விடுபட்டன என்று முதலில் எண்ணுதல் வேண்டும். படிவம் வழங்கிய சில திங்களின் பின் மீண்டும் எண்ணுதல் வேண்டும். என்றும் நிரம்பாத கட்டம் காணப்படின், எழுதுவோரை வெகுளுமுன் அக்கட்டம் வேண்டுவதுதானா, வினா விளங்குகின்றதா என்று ஆராய்தல் அறிவுடைமை.

படிவம் மருத்துவனை இயந்திரமாக்கிவிடும் என்பாரும் உளர். அவர் அச்சம் முற்றும் பொய்யன்று. நோயாளர் முகத்தை நோக்காது கட்டங்களில் மட்டும் குறியிட்டுச் செல்வோர் கையில் எப்படிவமும் பயன்படாது. ஆதலின் நோயாளர் தம் சொல்லால் உரைப்பதை எழுதுதற்குக் கோடிடாத வெற்றிடமும் சிறிது வேண்டும். யாப்பு, புலவன் கற்பனையைக் கொல்வதில்லை, தாங்கி நிற்கின்றது. படிவமும் அத்தகையதே.

வைத்தியராகிய லூக்கா, நிகழ்ந்தவற்றை முதலிலிருந்து ஆராய்ந்து முறைப்பட எழுத முற்பட்டதாகத் தம் சுவிசேஷத்தின் முகப்பிற் கூறுகின்றார். ஆராய்தலும் முறைப்பட எழுதுதலும் அன்பின் தொழில்களே. நம் கல்லூரியினின்று மருத்துவப் பணிக்குச் செல்லும் நண்பர்கள், நள்ளிரவிற் களைப்புற்ற கையோடு ஒரு கட்டத்தை நிரப்பும்போது, விடியலில் அதனைப் படிக்கப்போகும் மற்றொருவரையும், அவர் கையை நம்பிக் கண்மூடிக் கிடக்கும் நோயாளரையும் நினைவிற் கொள்வார்களாக.